இணைப்பு இல்லாத மெமோ

டெல்லியில் இருபது வருஷம் நான் ஒரு பெரிய மனுஷனாக இருந்தேன். பதவியில் இல்லை; ஒரு அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க், அவ்வளவுதான். கடிதம் எழுதுவதில் பெரிய மனுஷன். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எந்தத் தமிழ் வீட்டில் என்ன கடிதம் எழுத வேண்டியிருந்தாலும், "அண்ணாச்சிட்ட போங்க" என்பார்கள். லீவு நீட்டிக்க, மாற்றல் கேட்க, தாமதமாக வந்ததற்கு விளக்கம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர் இங்கே யாராவது டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறார். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. திருநெல்வேலியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

என் கடிதங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதலில் பணிவு, நடுவில் விஷயம், கடைசியில் மன்னிப்பு. தப்பு செய்திருந்தாலும் மன்னிப்பு, செய்யாவிட்டாலும் மன்னிப்பு. "அறிந்தோ அறியாமலோ என் தரப்பில் பிழை ஏதும் நேர்ந்திருந்தால் அதற்காக மனமார வருந்துகிறேன், இனி அவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன்." இதை இங்கிலீஷில் எழுதுவேன், கேட்பதற்கு நாதஸ்வரம் மாதிரி இருக்கும். நான் கண்டுபிடித்தது இல்லை இது. எனக்கு முன்னால் வந்த தமிழ் கிளார்க்குகள் எல்லாரும் இப்படித்தான் எழுதினார்கள். மெமோ வந்தால் பஞ்சாபி கிளார்க் மேஜையைத் தட்டிக்கொண்டு சண்டைக்குப் போவான். நாங்கள் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்போம். அதிகாரியும் சிரித்துக்கொண்டே ஃபைலை மூடிவிடுவார். ஒரு தடவைகூட இது பொய்த்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், பொய்க்காத பழக்கம் மாதிரி ஆபத்தானது வேறொன்றும் இல்லை.

எங்கள் செக்ஷனிலேயே டெஸ்பாட்ச், அதாவது தபால் அனுப்புகிற வேலை, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு நண்பர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது இளையவர். இரண்டு பிளாக் தள்ளி அவர் வீடு. மனைவி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை. மனுஷன் பஸ்ஸில் நின்றுகொண்டே புத்தகம் படிப்பார். இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு நடந்து வருவார். ஆனால் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் ஒரு அடித்தல் திருத்தம் இருக்காது.

இரண்டாவது சனிக்கிழமை மத்தியானங்களில் கரோல் பாகில் ஒரு மாடி வீட்டில் கூடுவோம். ரிடயர்டான தமிழ் அதிகாரி ஒருவரின் வீடு. ஏழெட்டுப் பேர் வருவோம். நண்பர்தான் புத்தகம் கொண்டுவருவார், படித்துக் கதையைத் தமிழில் சொல்வார். எனக்குப் புத்தகத்தைவிட அங்கே கிடைக்கிற வெங்காய பஜ்ஜி மேல் பக்தி அதிகம். ஒரு தடவை ஒரு வெளிநாட்டு நாவலைக் கொண்டுவந்தார். ஒருவன் மேல் வழக்கு. என்ன வழக்கு என்று கடைசிவரை யாரும் சொல்லமாட்டார்கள். அவனும் கேட்டுக் கேட்டு அலைந்தே அழிந்துபோகிறான். மூன்று சனிக்கிழமை அதையே பேசினோம். அவன் குற்றவாளியா, நிரபராதியா என்று ஒரே அடிதடி.

நான்தான் குற்றவாளி கட்சிக்குத் தலைவர். "ஏதோ செஞ்சிருப்பான் வே. சும்மா பிடிப்பாவளா ஒருத்தன?" என்றேன்.

நண்பர் சிரித்தார். "என்ன செஞ்சான்னு புத்தகத்துல எங்கயும் இல்லையே அண்ணாச்சி."

"எழுதினவன் மறைச்சிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் ஒரு தப்பு செஞ்சான்னு எனக்குத் தோணுது. கூப்பிட்ட உடனே பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டான்" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. பஜ்ஜித் தட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நெருக்கடி நிலை வந்தது. பத்து மணி ஆபீஸுக்கு ஒன்பதரைக்கே ஆள் வந்து உட்கார்ந்திருக்கும். கேன்டீனில் பேச்சு நின்றுபோயிற்று. டீயை உறிஞ்சும் சத்தம் கேட்கும். கரோல் பாக் அதிகாரி, இந்தச் சமயத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார்வது நல்லதில்லை என்று சொல்லி அனுப்பினார். அந்த வருஷக் குளிர் ஆரம்பத்தில் நண்பருக்கு ஒரு மெமோ வந்தது.

ஒரே பக்கம். 'அரசு ஊழியருக்குத் தகாத முறையில் நடந்துகொண்டார்' என்று ஒரு வரி. 'விவரங்கள் இணைப்பில் காண்க' என்று அடுத்த வரி. பத்து நாளில் பதில் தர வேண்டும், இல்லாவிட்டால் பதில் இல்லை என்று கொள்ளப்படும். இணைப்பு மட்டும் இல்லை. கவரைக் கிழித்து உள்பக்கம் பார்த்தோம், இல்லை. ஆபீஸிலிருந்து எத்தனையோ ஆயிரம் கவரை அனுப்பியவர் அவர். இணைப்பு வைக்காமல் ஒன்றைக்கூட அனுப்பியதில்லை. அவருக்கு வந்ததில் இணைப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என்னிடம் வரவில்லை. அவர் மனைவிதான் வந்து கூப்பிட்டார். "அண்ணாச்சி, ஒரு நடை வந்து அவருக்குச் சொல்லுங்க. என்னமோ ஒரு வரி எழுதி வெச்சிருக்காரு, எனக்குப் பயமா இருக்கு" என்றார். போனேன். மேஜையில் ஒரு காகிதம். 'என் மீதான குற்றச்சாட்டு என்ன என்பது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. இணைப்பை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.' முடிந்தது. பணிவு கிடையாது, மன்னிப்பு கிடையாது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னவே இது, கடன்காரன்கிட்ட கேக்க மாதிரி?"

"இல்லாததைத்தானே அண்ணாச்சி கேக்கறேன்."

"நீரு இணைப்பு கேட்டா, அனுப்ப மறந்துட்டீங்கன்னு மேல இருக்கவங்க தப்பை எடுத்துக் காட்டுத மாதிரி ஆயிடும். காலம் எப்படி இருக்குன்னு தெரியுமா உமக்கு? எங்கயோ கோவம் வந்து ஒரு மெமோ குடுத்துட்டாவ. தணிச்சு விடணும். நம்ம வேலை அதுதான்."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நிலைப்படியில் நின்றார். அந்தப் பெண் குழந்தை இந்தியில் ஏதோ கேட்டது, அம்மா அதை உள்ளே போகச் சொன்னார். நான் ஆபீஸில் செக்ஷன் ஆபீசரிடம் பேசிவிட்டதையும் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், லூதியானாக்காரர். "மாஃபி மாங் லோ, பாத் கதம்" என்றார். மன்னிப்புக் கேட்டுவிடு, விஷயம் முடிந்தது. பஞ்சாபியே அப்படிச் சொல்கிற காலம் வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி.

"எதுக்கு மன்னிப்பு கேக்கறதுன்னாவது தெரிய வேணாமா?" என்றார் நண்பர்.

"தெரிஞ்சா அதுக்கு மட்டும்தான் கேக்கலாம். தெரியாட்டா எல்லாத்துக்கும் சேத்துக் கேட்டுரலாம்லா" என்றேன். இதைச் சொன்னது நான்தான். என் வாயைத் தைத்திருக்கலாம் என்று அப்புறம் எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். என் வாழ்க்கையிலேயே நன்றாக எழுதிய கடிதம் அதுதான், பொய் சொல்ல மாட்டேன். அவர் மூன்று முறை படித்தார். மனைவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அவர் எழுதிய ஒற்றை வரிக் காகிதத்தை நானே மடித்துக் கிழித்துப் போட்டேன்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. "பாத்தீரா, அடங்கிருச்சு" என்று தினம் அவரிடம் சொல்வேன். செக்ஷன் ஆபீசர்கூட ஒருநாள், "யார் எழுதியது இது? மேலே எல்லாரும் இங்கிலீஷைப் புகழ்கிறார்கள்" என்று கேட்டார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். வாயைத் திறந்து நான்தான் என்று சொல்லவில்லை. பயத்தால் இல்லை அப்போது, அடக்கம்தான். நானாக அதை இப்படிப் பிரித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

நாலாவது வாரம் உத்தரவு வந்தது. வேலையிலிருந்து நீக்கம். ஊழியர் தன் பிழைக்காக வருந்தியுள்ளார். இனி அவ்வாறு நேராது என்று அவரே உறுதியளித்திருப்பதால் அவ்வாறு நேர்ந்தது என்பது விளங்குகிறது. எனவே விசாரணை தேவைப்படவில்லை. அதற்குக் கீழே இன்னொரு பத்தி. இணைப்பு கிடைக்கவில்லை என்றால் ஊழியர் அதைக் கேட்டிருப்பார், கேட்கவில்லை, ஆகவே குற்றம் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் படித்தேன். மறுபடி படித்தேன். எழுதினவன் ஒரு நல்ல டிராஃப்ட்ஸ்மேன், வாசகம் கோக்கத் தெரிந்தவன். ஒரு வார்த்தை அதிகம் இல்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். யமுனைக்கு அக்கரையில் ஒரு சந்தில், மொட்டை மாடியில் கட்டின ஒரே அறைக்குப் போனார்கள். குழந்தையைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துப் பக்கத்து இந்திப் பள்ளியில் போட்டார்கள். நண்பர் கரோல் பாகில் ஒரு துணிக்கடையில் பில் எழுத உட்கார்ந்தார். நான் மாதம் ஒருமுறை போவேன். போனால் கை வீசிக்கொண்டு போக முடியாது என்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவேன், ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி.

அவர் என் மேல் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைவிட மோசமான ஒன்று நடந்தது. மனுஷன் தன் குற்றத்தைத் தேட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, ஒரு தடவை ஆபீஸ் கவர்ல ஊருக்கு லெட்டர் போட்டேன். அதுவா இருக்குமோ?"

"போங்கவே. அமைச்சகமே ஆபீஸ் கவர்லதான் ஊருக்கு எழுதுது."

அடுத்த மாதம் போனால், "கேன்டீன்ல ஒருநாள் ரேடியோ நியூஸ் கேட்டுச் சிரிச்சேன். நீங்களும் இருந்தீங்க. அதுவோ?" என்பார். அதற்கடுத்த மாதம், குழந்தைக்கு ஜுரம் என்று சொல்லி லீவு போட்டுவிட்டுப் புத்தகம் படித்த ஒரு நாள். அதற்கப்புறம் தேடல் ஆபீஸை விட்டே வெளியே போய்விட்டது. கல்லூரியில் ஒரு பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டியது. அப்பா சாகும்போது போகாமல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்து, இதுவாக இருக்குமா என்று என் முகத்தைப் பார்ப்பார். ஒரு தப்பும் செய்யாத ஆளைக் கூப்பிட்டு உன் தப்பைத் தேடு என்றால் கிடைக்காமல் போகுமா? யாருக்குத்தான் கிடைக்காது? எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். முதல் சில மாதம், "நீங்க ஒண்ணும் செய்யலை" என்று உரக்கச் சொல்வார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டதோ என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது.

ஆட்சி மாறியது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களையெல்லாம் மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் அமைச்சகத்திலேயே நாலு பேர் திரும்பி வந்தார்கள், ஒருத்தர் கழுத்தில் சாமந்தி மாலையோடு. நண்பரும் மனுப் போட்டார். பதில் வந்தது: மற்றவர்கள் குற்றத்தை மறுத்தவர்கள், இவர் தானாக ஒப்புக்கொண்டவர். ஒப்புக்கொண்டது தன் விருப்பத்தால் அல்ல என்று காட்டினால் பரிசீலிக்கலாம்.

கரோல் பாக் அதிகாரிக்கு விதிகள் அத்துப்படி. அவர் சொன்னார்: கடிதத்தை எழுதினவர் ஒரு காகிதம் கொடுத்தால் போதும். 'இவர் இணைப்பு கேட்கவே விரும்பினார். கேட்கவேண்டாம் என்று நான் தடுத்தேன். மன்னிப்பு வாசகம் என்னுடையது, இவருடையது அல்ல.' மூன்று வரி. வேலையும் வீடும் திரும்பக் கிடைத்துவிடும் என்றார்.

இதைக் கேட்கவும் நண்பர் வரவில்லை. அவர் மனைவிதான் யமுனையைத் தாண்டி இரண்டு பஸ் மாறி வந்தார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவர் விசாரிச்சுட்டாரு அண்ணாச்சி. ஆகும்னா கேக்க வேணாம்னுட்டாரு" என்றார். நான், "இது என்ன தங்கச்சி, நான் எழுதாம யாரு எழுதுவா" என்றேன். அவர் அழுதுவிட்டார். என் மனைவி சாப்பாடு போட்டு அனுப்பினாள்.

அன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். அப்போது என் பெயர் அசிஸ்டென்ட் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. பதினான்கு வருஷம் காத்திருந்தது. கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. நெருக்கடி நிலை போய்விட்டது, ஒருவரும் என்னை எதுவும் செய்யப்போவதில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் 'நான் தடுத்தேன்' என்று எழுத வரவில்லை. பேனா நிற்கிறது. மேலதிகாரிக்கு எதிரான காகிதத்தில் என் பெயரா? ஒரு ஊழியரைத் தப்பான வழியில் விட்டவன் என்று என் ஃபைலிலா? முதலில் 'தடுத்தேன்' என்பது 'ஆலோசனை கூறினேன்' ஆயிற்று. அப்புறம் 'மொழி உதவி செய்தேன்' ஆயிற்று. அப்புறம் 'என் நினைவுக்கு எட்டியவரை' வந்து முன்னால் உட்கார்ந்தது. கடைசியில் இப்படி முடிந்தது: 'என் நினைவுக்கு எட்டியவரை, மேற்படி ஊழியரின் பதில் கடிதத்தை இங்கிலீஷில் அமைப்பதில் நான் சிறிது மொழி உதவி செய்திருக்கக்கூடும், அதன் கருத்துகள் பற்றி நான் ஏதும் கூற இயலாது.' அதையும் நன்றாகத்தான் எழுதியிருந்தேன். மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கவரில் வைத்து ஒட்டி, துணிக்கடையில் கொண்டு கொடுத்தேன். அவர் பில் எழுதிக்கொண்டிருந்தார். கவரை வாங்கிக் கும்பிட்டார். திறக்கவில்லை. நான் ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன்.

மனு தள்ளுபடியானது. சாட்சியே உதவி மொழியளவில் மட்டும் என்று சொல்வதால், கருத்துகள் ஊழியருடையவை என்பது உறுதியாகிறது. நான் கொடுத்த காகிதம் அவருக்கு எதிரான கடைசி ஆதாரமாயிற்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது. செக்ஷனுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். கேட்டார்கள், கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவில்லை. என் மனைவி, "போய்ச் சொல்லிட்டாவது வந்துருங்க, நீங்க இருக்க இருப்பு சரியில்ல" என்றாள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் போனேன். ஆரஞ்சு வாங்கவில்லை. மாடியில் நல்ல வெயில். நண்பர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஆள் இளைத்து, காதோரம் நரைத்திருந்தது. "வாங்க அண்ணாச்சி" என்று நகர்ந்து இடம் விட்டார். நானும் உட்கார்ந்து நாலைந்து காயை உரித்தேன்.

"உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும் வே. அந்தக் காகிதம்..."

"சொல்லாதீங்க அண்ணாச்சி."

"என்னன்னு தெரியாமலே சொல்லாதீங்கன்னா எப்படிவே?"

"தெரியும். நீங்க போனதும் கடையிலேயே பிரிச்சுப் படிச்சுட்டேன். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? கை தவறி எழுதினது இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் யோசிச்சு வெச்சது."

"அப்ப எதுக்குவே அதை அனுப்பினீரு?"

"வேற காகிதம் என்கிட்ட இல்லையே."

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. குரலும் உயரவில்லை. "இப்ப நீங்க சொல்லிட்டீங்கன்னா, நான் பரவாயில்லைன்னு சொல்லணும். சொல்லிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். நீங்க லேசாகி பஸ் ஏறிப் போயிடுவீங்க. நான் இங்க உக்காந்து நான் என்ன செஞ்சேன்னு தேடிக்கிட்டு இருக்கணும். அது எனக்கு முடியாது. நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்காவது தெரியும்ல? அதை நீங்களே வெச்சுக்கங்க."

பட்டாணி முழுவதையும் உரித்து முடித்தோம். எழுந்திருக்கும்போது அவர் மனைவி அறையிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிற தைரியம்கூட எனக்கு இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு போட்டபோது போதும் என்று சொல்லாமல் அதையும் சாப்பிட்டேன்.